ஆடும் சுவர்கள்

நவம்பர் 3, திங்கள்

மழை விட்டபாடில்லை. ஒன்பது மணிக்கு மேல் வேலை ஓடவில்லை. அலமாரியிலிருந்து 'பிளேக்ஸ் செவன்' டிவிடியை எடுத்துப் போட்டேன். பிபிசியில் 1978 ஜனவரி 2 அன்று தொடங்கிய விண்வெளித் தொடர். உருவாக்கியவர் டெர்ரி நேஷன், 'டாக்டர் ஹூ' தொடருக்கு டாலெக்குகள் என்ற வில்லன்களைக் கொடுத்த அதே ஆள். மனைவி போகிற போக்கில் பத்து விநாடி நின்று பார்த்துவிட்டு, "ஸ்கூல் ஆண்டு விழாவா?" என்றாள். மறுத்துப் பேச முடியவில்லை. உடைகள் அப்படி.

ஆனால் கதை? அரசை எதிர்த்த பிளேக்கின் நினைவை அழித்து, சாதுவான குடிமகனாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். பழைய கூட்டாளிகள் ரகசியமாகக் கூடும் இடத்துக்கு அவனை அழைத்துப் போகிறார்கள். காவல்படை வந்து அவனைத் தவிர அத்தனை பேரையும் சுட்டுக் கொல்கிறது. அவன்மேல் குழந்தைகளைக் கெடுத்தான் என்று பொய் வழக்கு. அவனுடைய வக்கீல் தோண்டித் துருவி உண்மையைக் கண்டுபிடித்துவிடுகிறார். அப்பாடா என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் வக்கீலும் அவர் மனைவியும் பிணமாகக் கிடக்கிறார்கள். பிளேக் சிறைக்கப்பலில் ஏற்றப்பட்டுவிட்டான். முதல் பகுதியிலேயே இவ்வளவும்.

நவம்பர் 4, செவ்வாய்

நேற்று எழுத விட்டது. இந்தத் தொடர்களில் கதவைத் திறந்து வெளியே போனால் உலகமே மாறிவிடும். அந்தக் காலத்து பிபிசி வழக்கப்படி ஸ்டுடியோக் காட்சிகள் வீடியோ டேப்பில், வெளிப்புறம் 16 எம்எம் ஃபிலிமில். உள்ளே இருக்கும்வரை முகங்கள் பளபளவென்று, நேரலை மாதிரி. வெளியே கால் வைத்ததும் துகள் துகளாக, மங்கலாக, கொஞ்சம் சாம்பல் பூத்து. அந்த வெளிக்கிரகம் பெரும்பாலும் ஏதோ ஒரு கல்குவாரி. அடுத்த வாரம் வேறு கிரகம், வேறு குவாரி. எனக்கு அந்த மாற்றம் ரொம்பப் பிடிக்கும். இங்கே எவனும் காப்பாற்ற வரமாட்டான் என்று அந்தத் துகள்களே சொல்லிவிடும்.

நவம்பர் 8, சனி

'ஆர்பிட்'. 'பிளேக்ஸ் செவ'னின் நான்காம் வரிசையில் (சீசனில்) ஒரு பகுதி, 1981. இதற்காகவே மொத்தத் தொடரையும் பார்க்கலாம்.

பிளேக்கின் கூட்டத்தைச் சேர்ந்த ஏவானும் வீலாவும் ஒரு சின்ன விண்கலத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். எடை அதிகம்; இப்படியே போனால் மேலே போகாமல் விழுந்துவிடும். கையில் கிடைத்ததையெல்லாம் பிடுங்கி வெளியே வீசுகிறார்கள். இன்னும் 70 கிலோ குறைய வேண்டும் என்கிறது ஓராக் என்ற கணினி. ஏவான் எரிச்சலில், எங்கே போவது 70 கிலோவுக்கு என்கிறான். ஓராக் அதே குரலில் சொல்கிறது: வீலாவின் எடை 73 கிலோ.

ஏவான் கொஞ்ச நேரம் அசையவில்லை. அப்புறம் எழுந்து துப்பாக்கியை எடுக்கிறான். "வீலா, எங்கே இருக்கே? ஒரு உதவி வேணும்" என்கிற தொனியில், அவ்வளவு கனிவாகக் கூப்பிட்டுக்கொண்டே தேடுகிறான். பலகைகளுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டு வீலா சத்தமில்லாமல் அழுகிறான். இத்தனை வருஷம் கூடவே திரிந்த இருவர்.

அந்தக் காட்சிக்கு என்ன செலவாகியிருக்கும்? நாலு தட்டி, கொஞ்சம் குழாய், இரண்டு நடிகர்கள். பால் டேரோவும் மைக்கேல் கீட்டிங்கும். பணமிருந்தால் அங்கே ஒரு வெடிவிபத்தை வைத்திருப்பார்கள். இல்லாததால் எடைக்கணக்கு வைத்தார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

இந்த வறுமைக்கு வம்சாவளியும் உண்டு. 1953-ல் பிபிசி நேரலையாக ஒளிபரப்பிய 'தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்'. ஆறு பகுதிகளில் முதல் இரண்டுதான் இன்று மிச்சம். கடைசியில் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்குள் ஒரு ராட்சச ஜந்து. கதாசிரியர் நைஜல் நீல் கையுறைகளில் இலைதழை ஒட்டி மாட்டிக்கொண்டு, அபேயின் பெரிதாக்கிய புகைப்படத்தில் ஓட்டை போட்டு, அதன் வழியே தானே கையை நீட்டி ஆட்டினார். ஜந்து ரெடி. தெருக்கூத்தில் இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்தால் அது அரண்மனை வாசல் என்று நாம் ஒப்புக்கொள்வதில்லையா, அந்த மாதிரி.

நேஷனே 1975-ல் 'சர்வைவர்ஸ்' எடுத்தார். கொள்ளைநோயில் உலகமே காலி. உலக அழிவைப்போலச் சிக்கனமான செட் கிடையாது. ஆளில்லாத ஒரு ரோடு போதும்.

நவம்பர் 12, புதன்

'சஃபையர் அண்ட் ஸ்டீல்', இரண்டாம் கதை. இது பிபிசி இல்லை, ஏடிவி என்ற தனியார் நிறுவனத்தின் தயாரிப்பு, 1979. எழுதியவர் பி. ஜே. ஹேமண்ட். ஜோனா லம்லியும் (சஃபையர்) டேவிட் மெக்கல்லமும் (ஸ்டீல்) காலத்தில் விழும் விரிசல்களை அடைக்க வரும் இரண்டு பேர். மனிதர்கள் இல்லை என்பதற்கு மேல் விளக்கமில்லை.

கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையம். முதல் உலகப்போர்ச் சிப்பாய் ஒருவனின் ஆவி, பழைய பட்டாளத்துப் பாட்டை விசிலடித்தபடி நடமாடுகிறது. எட்டுப் பகுதிகள் முழுக்க அந்த ஸ்டேஷன்தான். அநியாயமாகச் செத்தவர்களின் மனக்குறையைத் தின்னும் ஒரு இருட்டு அங்கே குடியிருக்கிறது. இருட்டு என்றால் வெறும் நிழல்தான், வேறு பொம்மை கிம்மை எதுவும் இல்லை.

டல்லி என்று ஒரு பெரியவர், ஆவி ஆராய்ச்சிக்காரர், டேப் ரெக்கார்டரும் கையுமாக வந்திருக்கிறார். அப்பிராணி. ஸ்டீல் இருட்டோடு பேரம் பேசுகிறான். சாக வேண்டிய நாளுக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே டல்லியைக் கொடுத்தால், அந்த அநியாயம் அங்கிருக்கும் ஆவிகள் எல்லோருடைய குறையையும்விடப் பெரிய தீனி. கொடுத்துவிட்டு இருவரும் போய்விடுகிறார்கள்.

அரவான் களப்பலி ஞாபகம் வந்தது. அரவானாவது தெரிந்து கழுத்தை நீட்டினான், வரமும் கேட்டு வாங்கினான். டல்லியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதைச் சாயங்கால நேரத்தில் குடும்பத்தோடு பார்க்கப் போட்டார்கள்!

நவம்பர் 15, சனி

மத்தியானம் 'பிளேக்ஸ் செவ'னின் கடைசிப் பகுதி. 1981 டிசம்பர் 21, கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் ஒளிபரப்பானது. ஏவான் பிளேக்கையே சுட்டுவிடுகிறான், துரோகி என்று தப்பாக நினைத்து. பிளேக்காக நடித்த கேரத் தாமஸ் இரண்டாம் வரிசையோடு விலகியவர். இனி திரும்பி வரவே முடியாதபடி கொன்றுவிடுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டாராம். அந்தக் காட்சியில் தெரியும் ரத்தத்துக்கு அதுதான் காரணம். பிறகு ஒவ்வொருவராக விழ, சுற்றிலும் காவலர்கள். பிளேக்கின் பிணத்துக்கு இருபுறமும் காலைப் பரப்பி நின்று, ஏவான் துப்பாக்கியை உயர்த்திச் சிரிக்கிறான். திரை கறுத்த பிறகுதான் சுடும் சத்தம்.

ராத்திரி மகளும் உட்கார்ந்தாள், 'சஃபையர் அண்ட் ஸ்டீல்' கடைசிக் கதை, 1982. பெட்ரோல் பங்க், பக்கத்தில் ஒரு காபிக்கடை, அவ்வளவுதான் செட். முடிவில் இருவரும் ஏமாற்றப்பட்டு அந்தக் கடைக்குள் அடைபடுகிறார்கள். ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தால் வெளியே வெறும் நட்சத்திரங்கள். ஜன்னல் சின்னதாகி இருட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது.

"அடுத்த பார்ட் போடு."

"இல்லம்மா. இதோட நிறுத்திட்டாங்க."

"அப்ப அவங்க?"

"அங்கேயேதான்."

கொஞ்சம் யோசித்தாள். "காபிக்கடைதானே, பசிக்காது" என்றாள். தூங்கப் போகும்போது ஹால் லைட்டை அணைக்கச் சொன்னேன். "இருக்கட்டும்ப்பா" என்று போய்விட்டாள்.