கப்பலூரில் வேலை, வீடு எங்கே?

வேலை உறுதியான அன்று அம்மா சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "எங்க தங்குவ?" என்றுதான் கேட்டார். கும்பகோணத்தை விட்டு நான் தனியாக எங்கும் தங்கியது கிடையாது. படித்ததும் அங்கேதான், ஏழு வருடம் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்ததும் அங்கேதான். முப்பத்தோரு வயதில் மதுரைக்குப் பக்கத்தில், கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனியில் கணக்கு வேலை கிடைத்தது. மதுரையில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் பெரியம்மா மகன். அவனும் இரண்டு மாதம் முன்னால்தான் ஓசூருக்கு மாறிப் போயிருந்தான்.

அவன் போனில் சொன்னது இது: "மாட்டுத்தாவணியிலதான் இறங்குவ. பக்கத்துலேயே கே.கே.நகர், அண்ணாநகர் எல்லாம் இருக்கு. நல்ல ஏரியா. லேடீஸ் ஹாஸ்டல் நிறைய." சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மாட்டுத்தாவணி ஊரின் வடகிழக்குக் கோடி, கப்பலூர் தென்மேற்கே ஊரைத் தாண்டி. இதை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரே ஊர்தானே, கும்பகோணத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சைக்கிளிலேயே போய்விடலாமே என்ற நினைப்பு.

ஹாஸ்டலில் சாப்பாட்டோடு மாதம் 6,200 ரூபாய், முன்பணம் 5,000. காலையில் அங்கிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ், அங்கே மாறித் திருமங்கலம் போகும் டவுன் பஸ். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. ரிங் ரோடு வழியாகப் போகும் திருநெல்வேலி, நாகர்கோவில் வண்டிகள் கப்பலூரை ஒட்டித்தான் போகின்றன என்று யாரோ சொல்ல, ஒரு நாள் அதிலும் ஏறிப் பார்த்தேன். "கப்பலூர்ல நிக்காதும்மா, திருமங்கலத்துக்கு டிக்கெட் எடு" என்றார் கண்டக்டர். எடுத்தேன். ஆபீஸ் என் ஜன்னலோரமாகவே கடந்து போனது.

பயணத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஹாஸ்டல் கேட்டை இரவு எட்டரைக்குப் பூட்டிவிடுவார்கள். கணக்கு வேலை பார்ப்பவர்களுக்கு 20-ஆம் தேதி என்றால் என்னவென்று தெரியும். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டு முடிக்காமல் அன்றைக்கு எழுந்திருக்க முடியாது. அந்த மாதம் 20-ஆம் தேதி நான் ஹாஸ்டல் வாசலில் நின்றபோது மணி ஒன்பதே கால். வார்டன் கதவைத் திறந்தார், ஆனால் அதற்கு முன்னாலேயே கும்பகோணத்துக்குப் போன் போட்டு "உங்க பொண்ணு இன்னும் வரலை" என்று சொல்லியிருந்தார். அம்மா அன்று இரவு தூங்கவில்லை. மறுவாரம் காலி செய்கிறேன் என்றதும், ஒரு மாதம் முன்னால் சொல்லவில்லை என்று முன்பணத்தை வைத்துக்கொண்டார்கள். ரசீதின் பின்பக்கத்தில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. ஆடிட்டர் ஆபீசில் ஏழு வருடம் இருந்தவள் ரசீதைத் திருப்பிப் பார்க்கவில்லை என்பதை இப்போதுதான் வெளியே சொல்கிறேன்.

எங்கள் டெஸ்பாட்ச் பிரிவில் ஒரு அக்கா, திருமங்கலத்துக்காரர். சாப்பாட்டு நேரத்தில் ஒரு பழைய இன்வாய்சின் முதுகில் கோடு போட்டுக் காட்டினார். பெரியார், பழங்காநத்தம், பசுமலை, திருப்பரங்குன்றம், திருநகர், கப்பலூர், திருமங்கலம். "நம்ம ரோட்டுலேயே பாரு. அங்கிட்டு இங்கிட்டு அலையாத. பஸ் மாறாம வந்தாலே பாதி உசுரு மிஞ்சும்."

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது என்பதால், தூரம் கூடினால் செலவு கூடும் என்ற கணக்கே என் விஷயத்தில் அடிபட்டுப் போனது. மீதி இருந்தது நேரக் கணக்கு மட்டும். அதையும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரமாகத்தான் போட்டுவைத்திருந்தேன். அந்தக் கணக்கும் தப்பு என்று காட்டியது பழங்காநத்தத்து வீடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு அதைப் பார்த்தேன். முதல் மாடி, ஒரு ஹால், ஒரு படுக்கையறை, இரண்டு பக்கமும் ஜன்னல். வாடகை 7,500. பஸ் ஸ்டாப்பிலிருந்து எட்டு நிமிட நடை. தெருவில் பூ விற்கிற அம்மா, கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள், கோலம் அழியாத வாசல்கள். வீட்டுக்கார அம்மா காபி கொடுத்தார். அங்கேயே 2,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்று பையைத் திறந்தால் கையில் அவ்வளவு இல்லை, அவரிடம் ஜிபே கிடையாது. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஏழே முக்காலுக்கு அதே ஸ்டாப்பில் இறங்கினேன். ஞாயிறன்று ஷட்டர் இறங்கியிருந்த ஒரு கடையைத் தாண்டி வந்திருந்தேன், குடோன் என்று நினைத்திருந்தேன். அது ஒயின் ஷாப். நம் மாநிலத்தில் அந்தக் கடை திறப்பது பகல் பன்னிரண்டு மணிக்குத்தானே. நான் போனது பதினொன்றுக்கு. இப்போது வாசலை மறித்து நாற்பது பைக், எதிரில் சுண்டலும் ஆம்லெட்டும் விற்கும் தள்ளுவண்டி, அதைச் சுற்றிக் கூட்டம். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதற்கு அப்புறம் வந்த சந்தில் விளக்கு இல்லை. இரண்டு பேர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். ஞாயிறன்று எட்டு நிமிடமாக இருந்த தூரத்தை அன்று ஐந்து நிமிடத்தில் கடந்தேன், செருப்பு அறுந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே. வீட்டுக்கார அம்மாவிடம் வேறு இடம் அமைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். திரும்பி நடக்க மனசில்லாமல் ஆட்டோ பிடித்தேன். மீட்டர் இல்லாத ஊர், 120 ரூபாய்.

அன்றிலிருந்து பகலில் வீடு பார்ப்பதை விட்டுவிட்டேன். ஆபீஸ் முடிந்து, நான் உண்மையில் வரப்போகும் பஸ்ஸில், வரப்போகும் நேரத்தில் இறங்கி நடந்தால்தான் அது வீடு பார்த்த கணக்கு. புரோக்கர்களுக்கு இது பிடிக்கவில்லை. "நைட்ல என்னத்தம்மா தெரியும், காத்தோட்டம் தெரியுமா, வெளிச்சம் தெரியுமா?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். தப்பில்லை, அதற்கு மறுநாள் காலையில் இன்னொரு முறை போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

பசுமலையில் பார்த்த வீடு மேட்டில் இருந்தது, மோட்டார் ஓடாத நாளில் குடத்தோடு ஏற வேண்டும். அதை அங்கேயே விட்டேன். திருமங்கலம் வாடகையில் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு குறைவு, ஆனால் ஞாயிற்றுக்கிழமையாவது எனக்குப் பெரிய ஊர் வேண்டும்.

திருப்பரங்குன்றத்தில்தான் மனசு ஊன்றியது. ஜன்னலைத் திறந்தால் மலை. அறுபடை வீட்டில் முதல் வீட்டின் பக்கத்திலேயே நமக்கும் ஒரு வீடு என்று அம்மாவிடம் சொன்னபோது அவருக்கும் சந்தோஷம். மறுநாள் காலை வெளிச்சம் பார்க்கப் போனேன், முகூர்த்த நாள். கோவிலைச் சுற்றி எத்தனை கல்யாணம் என்று எண்ண முடியவில்லை. வேனும் காரும் தெருவை அடைத்து நிற்க, மெயின் ரோட்டுக்கு வந்து சேர இருபத்தைந்து நிமிடம். அன்று ஆபீசுக்கு லேட். வருடத்தில் எத்தனை முகூர்த்தம் என்று காலண்டரில் எண்ணிப் பார்த்துவிட்டு, முருகனைச் செவ்வாய்க்கிழமை மட்டும் போய்ப் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

இதற்கு நடுவே கேள்விகள். "தனியாவா?" என்பதில் ஆரம்பிக்கும். "அப்பா அம்மா வந்து இருப்பாங்களா?" "கல்யாணம் எப்போ?" "சைவமா?" அப்புறம், குரலைக் கொஞ்சம் இறக்கி, "கும்பகோணத்துல எந்தத் தெரு?" ஊரைக் கேட்டால் ஊரைச் சொல்லலாம், தெருவைக் கேட்பவருக்கு வேண்டியது தெரு இல்லை. முதல் இரண்டு இடத்தில் மழுப்பினேன். மூன்றாவது இடத்தில், "தெருவுக்கு வாடகை இல்லையேம்மா, எனக்குத்தானே" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அந்த வீடு போனதில் எனக்கு வருத்தமில்லை. இன்னொரு இடத்தில் எல்லாம் பேசி முடித்த பிறகு "ஃபேமிலிக்குத்தான் கொடுக்கணும்னு பையன் சொல்றான்" என்றார்கள். அதற்குத்தான் அன்று பஸ்ஸில் அழுகை வந்தது.

திருநகர் வீடு புரோக்கர் வழியாக வரவில்லை. புரோக்கர் காட்டிய வீட்டுக்கு 9,000 சொன்னார்கள். "தோப்பூர்ல எய்ம்ஸ் வருதும்மா, ரெண்டு வருசத்துல இந்த ஏரியா எங்கிட்டோ போயிரும்" என்றார். தோப்பூரில் அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். அந்த ஆஸ்பத்திரிக்கும் என் வாடகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில், ஒரு காம்பவுண்டு கேட்டில் சாக்பீசால் எழுதிய 'வீடு வாடகைக்கு' கண்ணில் பட்டது. பலகைகூட இல்லை.

திருநகரில் ஸ்டாப்புகளுக்கு எண்தான் பெயர். முதல் ஸ்டாப், இரண்டாவது ஸ்டாப் என்று போகும். யாரிடம் வழி கேட்டாலும் எண்ணைத்தான் முதலில் சொல்வார்கள், புதிதாக வருகிறவளுக்கு அதுவே பெரிய உதவி. மணி எட்டு. ஸ்டாப்பிலிருந்து ஒரு மெடிக்கல் ஷாப், ஒரு இஸ்திரி வண்டி, டியூஷன் முடிந்து பிள்ளைகள் சைக்கிள் எடுக்கும் வீடு, ஒரு பரோட்டாக் கடை. கடைசி முப்பது அடி மட்டும் இருட்டு. நான்கு நிமிடம். அடுத்த வாரம் ஒன்பதரைக்கு இன்னொரு முறை நடந்து பார்த்தேன். இஸ்திரி வண்டி இல்லை. பரோட்டாக் கடை இருந்தது. கொத்துச் சத்தம் கேட்கிற தெருவில் எனக்குப் பயம் வருவதில்லை.

வீட்டுக்காரர் எழுபதை நெருங்கியவர். அவருடைய அப்பா மதுரா மில்லில் வேலை பார்த்தவராம். பக்கத்திலிருக்கும் ஹார்விபட்டி, மில்லை நடத்திய ஹார்வி சகோதரர்கள் தொழிலாளிகளுக்காகக் கட்டிய குடியிருப்பு. அங்கே பிறந்து வளர்ந்து இங்கே சொந்த வீடு கட்டியவர். "2011 வரைக்கும் இது டவுன் பஞ்சாயத்தும்மா. இப்ப கார்ப்பரேசன். வரி கூடிருச்சு" என்று என்னை உட்கார வைத்து முக்கால் மணி நேரம் பேசினார். தெருவைக் கேட்கவில்லை. "ராத்திரி லேட்டாகுமா?" என்று கேட்டார், மாதத்தில் இரண்டு மூன்று நாள் ஆகும் என்றேன். "வர்றப்ப கேட்டைச் சத்தம் போடாம சாத்து, அம்மாவுக்குத் தூக்கம் வராது." அவ்வளவுதான்.

கைப்பையில் ஒரு துண்டு சோப்பு வைத்திருந்தேன். சிரிக்காதீர்கள். காவிரித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவளுக்கு ஹாஸ்டல் போர் தண்ணீர் ஒரே மாதத்தில் தலைமுடியைத் தேங்காய் நாராக்கியிருந்தது. எந்த வீட்டிலும் பாத்ரூம் குழாயின் மூக்கில் வெள்ளையாக உப்புக் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன், பிறகு சோப்பைத் தேய்ப்பேன். இங்கே போர் தண்ணீர் சுமாராக நுரைத்தது. நல்ல தண்ணீர் தனிக் குழாயில், ஒரு நாள் விட்டு ஒரு நாள். கரண்டுக்குத் தனி மீட்டர் இருந்தது; முன்னால் பார்த்த இடங்களில் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் கேட்டார்கள். தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரு ஃபேன், ஒரு மிக்சி, இரண்டு விளக்கு வைத்திருக்கும் எனக்கு வந்த முதல் பில் 84 யூனிட், கட்டியது பூஜ்யம்.

வாடகை 7,000, அட்வான்ஸ் 60,000 என்றார். ரசீதின் முதுகைப் பார்க்காமல் பட்ட சூடு நினைவில் இருந்ததால், இந்த முறை படித்துவிட்டுப் போயிருந்தேன். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புது வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. "பதினோரு மாசத்துக்கு ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக்குவோம்மா, எல்லாரும் அப்படித்தானே" என்றார். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பத்திரப் பதிவு கட்டாயம் என்பதால் வந்த பழக்கம் அது, புதுச் சட்டத்துக்கு மாதக் கணக்கு கிடையாது என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "ஆடிட்டர்கிட்ட வேலை பார்த்த புள்ளைன்னு முன்னாடியே சொல்லிருக்கலாம்ல" என்றவர், கோயம்புத்தூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டார். மகன் ஆன்லைனில் பதிவை முடித்தான். அட்வான்ஸ் 30,000-இல் நின்றது. மூன்று மாதத்துக்கு 21,000-தான், மீதியைப் 'பேசிக்கொண்டோம்'. அந்த ஒப்பந்தத்தைக் காட்டித்தான் பாங்கில் விலாசம் மாற்றினேன், கேஸ் வாங்கினேன்.

கடைசி முப்பது அடி இருட்டுக்கு வீட்டுக்காரரே தன் சுவரில் ஒரு எல்இடி பல்பு போட்டார், நான் கேட்காமலே. அதன் கரண்டு என் மீட்டரிலா அவருடையதிலா என்று பார்க்க வேண்டும், இன்னும் பார்க்கவில்லை.

போன மாதம் அம்மா வந்தார். பையில் இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டு, உள்ளே எங்கள் வீட்டுத் தண்ணீர். அரைக் கிலோ காபித்தூள், புது பித்தளை ஃபில்டர். கும்பகோணத்திலிருந்து மாட்டுத்தாவணி வரை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். முதல் நாள் அந்தத் தண்ணீரில் காபி போட்டார், மறுநாள் பாட்டில் காலி. குழாய்த் தண்ணீரில் போட்டு ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார், ஒன்றும் சொல்லவில்லை. மீதியைக் கீழே வீட்டுக்கார அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சீனி தூக்கலாப் போட்டிருக்கலாம்."