ஃப்ரெட் இல்லாத அந்த பாஸ் கிட்டார்

பள்ளி மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று முன்னாள் மாணவர் சங்கத்தில் கேட்டதும், விளையாட்டுப் போட்டியும் பரிசளிப்பு விழாவும் மனதில் வரவில்லை. இசை அறையின் மூலையில் சாய்த்து வைத்திருந்த பாஸ் கிட்டார்தான் வந்தது. அதன் கழுத்தில் ஃப்ரெட், அதாவது ஸ்வர இடங்களில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி, ஒன்றுகூடக் கிடையாது. எங்களுக்கு முன்னால் படித்த யாரோ அவற்றைப் பிடுங்கிவிட்டு, பள்ளங்களைப் பசை வைத்து அடைத்திருந்தார். அடைத்த இடங்கள் வெளிர்க் கோடுகளாகத் தெரிந்தன.

பாண்டில் பாஸ் வாசிக்க ஆள் இல்லை, நான் கையைத் தூக்கினேன். வீட்டில் சாதாரணக் கிட்டாரில் பழகிய விரல்கள் இரண்டு கோடுகளுக்கு நடுவில் போய் அழுத்தின. எல்லா ஸ்வரமும் சுருதி இறங்கி ஒலித்தது. ஃப்ரெட் உள்ள கிட்டாரில் விரல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அந்த உலோகம்தான் சுருதியை முடிவு செய்யும். இங்கே அந்த வேலையும் விரலுக்குத்தான்.

"கோட்டு மேலேயே விரலை வை. சரியாக வந்ததும் கோட்டைப் பார்க்காதே, கேள்" என்றார் எங்கள் இசை சார்.

அன்றிலிருந்து பள்ளி முடியும்வரை அந்த பாஸ் என் கையில்தான் இருந்தது. பெரும்பாலான பாஸ் கிட்டார்களைப் போல அதிலும் தந்தியின் நீளம் 34 அங்குலம். முதல் அரை ஸ்வரத்துக்குக் கிட்டத்தட்ட 2 அங்குலம் போக வேண்டும். 17வது அங்குலத்தில், சரியாகத் தந்தியின் பாதியில், மேல் ஸ்தாயி வரும். அதற்குமேல் அந்த இடைவெளி பாதிதான், விரல் துளி நகர்ந்தாலே காது கண்டுபிடித்துவிடும். சார் ஆர்மோனியத்தில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பார். அதன்மேல் நான் ஏறி இறங்குவேன். சுருதி சேராதபோது இரண்டு ஒலிகளும் ஒன்றோடொன்று உரசி அலை அலையாக அதிரும், சேர்ந்ததும் அந்த அதிர்வு நின்றுபோகும். அந்த அமைதிக்காகவே மணிக்கணக்காக வாசித்திருக்கிறேன்.

அப்புறம் அதன் குரல். வாசிப்பவர்கள் அதை "ம்வா" என்பார்கள். ஸ்வரம் பிறந்த பிறகு மெல்ல வாய் திறப்பதுபோல மலரும். தந்தி ஓர் உலோக முனையில் நிற்காமல் மரப்பரப்பை லேசாக உரசிக்கொண்டே அதிர்வதால் வரும் ஒலி அது. விரலின் சதை கூர்மையைக் கொஞ்சம் உறிஞ்சிவிடுவதால் மனிதக் குரலுக்கு நெருக்கமாகிவிடுகிறது. எத்தனை அருமையான பாஸ் வகைகளைக் கேட்டாலும் என் மனம் இதற்குத்தான் திரும்பி வருகிறது.

இதன் வரலாற்றைப் பின்னாளில்தான் தேடிப் படித்தேன். அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951இல் ஃப்ரெட் வைத்த மின்சார பாஸைக் கொண்டுவந்தபோது அதற்கு "பிரிசிஷன்" (துல்லியம்) என்றே பெயர் வைத்தார். ஃப்ரெட் இருந்தால் சுருதி துல்லியமாக விழும் என்பதுதான் காரணம். அதே 1951இல் பிறந்த அமெரிக்க பாஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ், ஃபெண்டரின் இன்னொரு வகையான ஜாஸ் பாஸில் ஃப்ரெட்டுகளை எடுத்துவிட்டு வாசித்தார். படகுக்குப் பூசும் எபாக்ஸி என்ற கெட்டிப் பிசினை விரற்பலகைமேல் பூசினார். மேலே உருண்டைக் கம்பி சுற்றிய சொரசொரப்பான "ரவுண்ட்வவுண்ட்" தந்தி மரத்தை அரித்துவிடும், அதற்குத்தான் அந்தக் கவசம். ஆம்பெக் நிறுவனம் 1966லேயே ஃப்ரெட் இல்லாத மின்சார பாஸை விற்றது உண்மைதான். ஆனால் 1976இல் வந்த ஜாக்கோவின் முதல் தனி ஆல்பத்துக்குப் பிறகுதான் உலகம் இதன் பக்கம் திரும்பியது. எண்பதுகளின் பாப் பாடல்களில் பினோ பல்லடினோ என்ற பாஸ் கலைஞர் பாடகருக்குப் பக்கத்திலேயே இன்னொரு குரலாக இதைப் பாட வைத்தார். எனக்கு ஜாக்கோவின் வேகத்தைவிட பல்லடினோவின் அந்த நிதானம்தான் நெருக்கம்.

கோடு போட்ட கழுத்தை மட்டமாக நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைப்பதில்லை. மேடையில் சத்தம் மிகுந்து சொந்த ஸ்வரமே கேட்காதபோது அந்தக் கோடுதான் துணை.

கடைசி ஆண்டு விழாவில், கடைசிப் பாட்டுக்குக் குரல்களும் பாஸும் மட்டும் போதும் என்று சார் முடிவு செய்திருந்தார். மெதுவான பாட்டு. இரண்டாவது சரணத்தில் பாடகர்களின் சுருதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கோட்டிலேயே நின்றிருந்தால் நான் தனியாகப் போயிருப்பேன். விரலை நூலிழை பின்னால் சாய்த்தேன், பிறகு இன்னும் கொஞ்சம். குரல்களும் பாஸும் சேர்ந்தே இறங்கின, அரங்கில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. சார் மட்டும் மேடையோரத்திலிருந்து என் இடது கையைப் பார்த்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பாட்டு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.