வலையருகே நிற்பவன்

6 நவம்பர் 2023, திங்கள்

80 புள்ளிகள் போய்விட்டன. சென்ற ஆண்டு இதே நேரத்தில் டென்னிஸ் இரட்டையரில், பெரிய சுற்றுக்கு ஒரு படி கீழே உள்ள சேலஞ்சர் போட்டியில் வென்ற பட்டம். 52 வாரம் முடிந்தால் கணக்கிலிருந்து கழன்றுவிடும் என்பது தெரியாததல்ல. பதினான்கு ஆண்டுகளாக என் திங்கட்கிழமைகள் இந்தக் கணக்கோடுதான் விடிந்திருக்கின்றன. ஆடிக்கொண்டிருந்தால் போனதை வேறொரு வாரத்தில் பிடித்துவிடலாம். இப்போது கட்டிலில் உட்கார்ந்து, யாரோ வந்து வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தரவரிசையில் 96-லிருந்து 121.

என்னோடு ஜோடி சேர்ந்து அதை வென்றவன், அவனுக்கும் இன்று அதே 80 போயிருக்கும். அவன் ஆடுகிறான்.

7 நவம்பர்

தோளுக்கு ரப்பர் பட்டைப் பயிற்சி. பதினைந்து பதினைந்தாக மூன்று முறை. வலி பத்தில் மூன்று.

8 நவம்பர்

அதே.

12 நவம்பர், ஞாயிறு

விதியை மறுபடியும் படித்தேன். மனப்பாடமாகிவிட்டது, ஆனாலும் படிக்கிறேன். காயத்தால் குறைந்தது ஆறு மாதம் எந்தப் போட்டியிலும் ஆடாமல் இருந்தால்தான் பாதுகாக்கப்பட்ட தரவரிசை கிடைக்கும். முதல் மூன்று மாதங்களில் இருந்த இடத்தின் சராசரி. திரும்பி வரும்போது அந்த எண்ணைக் கொண்டு பெயர் கொடுக்கலாம். கடைசியாக ஆடியது ஆகஸ்ட் 26. ஆகவே பிப்ரவரி 26. அதற்கு முன் ஒரே ஒரு ஆட்டம் ஆடினாலும் எல்லாம் போயிற்று.

ஒற்றையர் ஆடுபவனுக்கு இத்துடன் கணக்கு முடிந்துவிடும். எங்களுக்கு முடியாது. இரண்டு பேரின் எண்களையும் கூட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். என் எண்ணைப் பாதுகாக்க விதி இருக்கிறது. அதன் பக்கத்தில் எழுத வேண்டிய எண்ணைப் பாதுகாக்க எந்த விதியும் இல்லை.

"நீ குணமாகும்வரை மட்டும் வேறொருவனோடு ஆடுகிறேன்" என்றுதான் செப்டம்பரில் சொன்னான். அதை அவன் பொய்யாகச் சொல்லவில்லை.

20 நவம்பர்

பிரையன் சகோதரர்களைப் பற்றி யோசித்தே பகல் முழுவதும் போனது. 2018-இல் பாபுக்கு இடுப்பு போயிற்று. உலோக மூட்டு வைத்தார்கள். அந்த நேரத்தில் மைக், ஜாக் சாக்குடன் சேர்ந்து விம்பிள்டனையும் அமெரிக்க ஓப்பனையும் வென்றார். இரட்டையராகப் பிறந்தவர்கள், சேர்ந்து 16 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வென்றவர்கள். அண்ணன் வேறொருவரோடு கோப்பையைத் தூக்குவதைப் பாபு எப்படிப் பார்த்திருப்பார்? மகிழ்ந்திருப்பார் என்று நிச்சயம் நம்புகிறேன். ஆனால் அந்த மகிழ்ச்சிக்குப் பிறகு அறையில் தனியாக இருந்த ஒரு மணி நேரம் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

2019 தொடக்கத்தில் பாபு திரும்பி வந்தார். மைக் திரும்பவும் அவரோடு ஆடினார். அவர்கள் ஒரே கருவில் இருந்தவர்கள். நாங்கள் ஒரே விடுதி அறையில் மட்டும் இருந்தவர்கள்.

24 நவம்பர்

அதிகாலை 2 மணி. அவனுடைய ஆட்டத்தின் நேரலையைப் பார்த்துவிட்டேன். பார்க்கமாட்டேன் என்று பிசியோவிடம் சொல்லியிருந்தேன்.

ஒரே கேமரா, பின்கோட்டுக்குப் பின்னால் உயரத்தில். முகம் தெரியாது. முகம் எனக்குத் தேவையும் இல்லை. பந்தை மூன்று முறை தட்டிவிட்டுச் சற்று நிற்கும் அந்தத் தோளைப் பார்த்தாலே எங்கே போடப்போகிறான் என்று சொல்வேன். புதிய ஜோடி வலக்கைக்காரன், என்னைவிட உயரம். வலையருகே நன்றாக ஆடுகிறான். இடக்கையும் வலக்கையும் சேர்ந்த ஜோடிக்கு வெயில் ஒரு பிரச்சினையே இல்லை. வலக்கைக்காரனான எனக்குக் கண்ணைக் கூசும் முனை இடக்கைக்காரனான அவனுக்குக் கூசாது. மூன்று ஆண்டுகள் நாங்கள் இருவருமே சூரியனைப் பார்த்து சர்வீஸ் போட்டதில்லை. அந்த வசதியையும் இப்போது இன்னொருவன் அனுபவிக்கிறான்.

நான் தூங்காமல் எழுதுவது அதற்காக அல்ல. ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் அவன் வலைவரை நடந்து போகிறான். வாயைக் கையால் மறைத்து ஏதோ கேட்கிறான். அந்த உயரக்காரன் தலையாட்டியதும் திரும்பி நடந்து வந்து, 25 வினாடி முடிவதற்குள் அவசரமாக சர்வீஸ் போடுகிறான். பேசிக்கொள்ளும் ஜோடிகள் நிறைய உண்டு, அதில் தவறே இல்லை. ஆனால் அவன் அப்படிப்பட்டவன் அல்ல. நான் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டுவேன், பின்னாலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அந்த "ம்" வந்துவிட்டால் மைதானத்தில் எனக்கு எந்தப் பயமும் இருந்ததில்லை.

இப்போது சைகையை அவன் நம்புவதில்லை.

25 நவம்பர்

நேற்று எழுதியதை அழிக்கலாமா என்று பார்த்தேன். அவனுக்கு இந்த மொழி தெரியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.

11 டிசம்பர்

121-லிருந்து 128. தள்ளுவதற்கு ஆள் தேவையில்லை.

19 டிசம்பர்

முதன்முறையாக மட்டையைத் தலைக்கு மேலே தூக்கினேன். பந்து இல்லை, காற்றில் மட்டும், பத்து முறை. பிசியோ என் தோளைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வலித்தால் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் விட்டால் எனக்குத் தெரிய வழியில்லை" என்றார். மிகச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

1 ஜனவரி 2024

சர்வீஸ் கோட்டருகே நின்று, பாதி வேகத்தில் 20. பின்கோட்டுக்கு இன்னும் அனுமதி இல்லை. வலி பத்தில் ஒன்று.

ஆண்டு நன்றாகத் தொடங்கியிருக்கிறது. எழுதும்போதே மனம் லேசாகிறது. 20 என்பது எவ்வளவு அழகான எண்.

9 ஜனவரி

21 வயதுப் பையன் ஒருவன் செய்தி அனுப்பியிருக்கிறான். ஒற்றையர்தான் அவனுக்கு முக்கியம். பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு சேலஞ்சரில் இரட்டையருக்கு ஆள் வேண்டுமாம். "அண்ணா, உங்கள் ரிட்டர்னைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்" என்று எழுதியிருக்கிறான். ஐந்து மாதத்தில் என் ஆட்டத்தைப் பற்றி யாரும் சொன்ன முதல் வார்த்தை.

பிப்ரவரி முதல் வாரம். 26 அல்ல. மூன்று வாரங்கள் முன்னால்.

10 ஜனவரி

முடியாது என்று எழுதினேன். எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

17 ஜனவரி

பின்கோட்டிலிருந்து 15.

24 ஜனவரி, புதன்

போபண்ணா ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதிக்குப் போய்விட்டார். அடுத்த திங்கள் இரட்டையர் தரவரிசையில் முதலிடம். 43 வயதில். 2003-இல் தொழில்முறை ஆட்டக்காரரானவர். அவ்வளவு வாரங்கள், அவ்வளவு திங்கட்கிழமைகள். அவர் முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். 2021-இல் மாதக்கணக்கில் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்ததையும் சொல்லியிருக்கிறார்.

எனக்கு 34. இன்று அந்த எண் சின்னதாகத் தெரிகிறது.

25 ஜனவரி

அரையிறுதி மூன்றாவது செட் டைபிரேக், 10-7. கட்டிலில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே பார்த்தேன்.

27 ஜனவரி, சனி

இறுதி ஆட்டம் 7-6, 7-5. முதல் செட் டைபிரேக்கில் எதிரணியின் பொலெல்லியும் வவாசோரியும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆடவர் இரட்டையரில் போபண்ணாவுக்கு முதல் கிராண்ட் ஸ்லாம். அவருடைய ஜோடி எப்டன் ஓடிவந்து கட்டிப்பிடித்ததும் அழுதுவிட்டேன். வெட்கமில்லை, அழ வேண்டிய காட்சிதான்.

ஆனால் எனக்கு நினைவில் ஓடிக்கொண்டிருப்பது இன்றைய ஆட்டம் அல்ல. செப்டம்பரில் அமெரிக்க ஓப்பன் இறுதி ஆட்டம். கை தொட்டிலில் தொங்க, மருந்து மயக்கத்தில் பார்த்தது. முதல் செட்டை 6-2 என்று எடுத்துவிட்டு, ராமிடமும் சாலிஸ்பரியிடமும் அவர்கள் தோற்ற ஆட்டம். அதில் ஒரு பந்து போபண்ணாவின் கையை உரசிக்கொண்டு போயிற்று. நடுவர் பார்க்கவில்லை. எதிரணியும் பார்க்கவில்லை. தன் கையில் பட்டது என்று அவரே சொல்லிப் புள்ளியைக் கொடுத்துவிட்டார். இறுதி ஆட்டத்தில். தன்னுடைய புள்ளியை மட்டுமல்ல, எப்டனுடைய புள்ளியையும் சேர்த்து.

இனி எழுதாமல் இருக்க முடியாது.

ஆகஸ்ட் 26. ஆளுக்கொரு செட். மூன்றாவது செட்டுக்குப் பதிலாக 10 புள்ளிவரை ஆடும் மேட்ச் டைபிரேக், அதில் 8-9. அவன் சர்வீஸ், இடப்பக்கத்திலிருந்து. நான் வலையருகே, வலப்பக்கம். மூடிய கை என்றால் நிற்கிறேன். விரித்த கை என்றால் குறுக்கே போகிறேன்; நான் விட்ட பாதியை அவன் ஓடிவந்து மூட வேண்டும். விரித்த கையைக் காட்டினேன். "ம்" என்றான். சர்வீஸ் அருமையாக விழுந்தது. நான் போகவில்லை.

இரண்டாவது செட்டின் நடுவிலிருந்தே தோள் எரிந்துகொண்டிருந்தது. அவனிடம் சொல்லவில்லை. குறுக்கே போனால், பந்து தரையில் படுமுன் அடிக்கும் பேக்ஹேண்ட் வாலிக்குக் கையை நீட்ட வேண்டும். அந்த நொடியில் பயந்துவிட்டேன். நான் போவேன் என்று நம்பி அவன் வலப்பக்கம் ஓடிவந்தான். இருவரும் ஒரே பாதியில் நின்றோம். பந்து மெதுவாக, மிக மெதுவாக, ஆளே இல்லாத மறுபாதியில் விழுந்தது.

வலையில் எதிரணிக்குக் கைகொடுத்துவிட்டுத் திரும்பும்போது அவன் என் தோளில், வலிக்கிற தோளில், கை வைத்துச் சொன்னான்: "மன்னித்துவிடு. உன் கையைத் தவறாகப் பார்த்துவிட்டேன். மூடித்தான் இருந்திருக்கிறது."

நான் "பரவாயில்லை" என்றேன்.

29 ஜனவரி

பரவாயில்லை என்றேன்.

2 பிப்ரவரி

35 சர்வீஸ். சோர்வு, வலி இல்லை.

5 பிப்ரவரி

வாலியைத் தவறவிட்டதற்காக மூன்று ஆண்டுகளில் நாங்கள் ஒருநாள்கூடச் சண்டை போட்டதில்லை. இரட்டைத் தவறு, கைக்கு வந்த பந்தை வலையில் அடிப்பது, எல்லாம் அடுத்த புள்ளிக்குள் மறந்துவிடும். மறக்கத் தெரியாதவனால் இந்தப் பிரிவில் ஓராண்டுகூட நிலைக்க முடியாது. 40-40, அதாவது டியூஸ், வந்தால் ஒரே புள்ளியில் கேம் போய்விடுகிற ஆட்டம் இது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வருத்தப்பட நேரமே கிடையாது. ஆனால் ஒருவன் தன் கண்ணையே சந்தேகப்பட்டு, நல்ல கண்ணை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் வலைவரை நடந்து போய்க் கேட்கிறான். ஐந்து மாதமாக நடக்கிறான்.

8 பிப்ரவரி

தொலைபேசியை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

11 பிப்ரவரி, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அவன் ஏதோ விமான நிலையத்தில் இருந்தான், பின்னால் அறிவிப்புச் சத்தம். முன்னுரை எதுவும் வைக்கவில்லை. "கை விரிந்துதான் இருந்தது. நீ சரியாகத்தான் பார்த்தாய். நான்தான் போகவில்லை. தோள் வலித்தது, உன்னிடம் மறைத்தேன்."

அறிவிப்பு முடிந்து இன்னொன்று தொடங்கும்வரை அவன் பேசவில்லை. பிறகு, "எந்தச் செட்டிலிருந்து வலித்தது?" என்று கேட்டான். இரண்டாவது என்றேன். "அப்படியென்றால் 4-4-லேயே என்னிடம் சொல்லியிருக்கலாம். ஆட்டத்தையே வேறு மாதிரி ஆடியிருப்போம்" என்றான். குரலில் கோபம் இல்லை. கணக்குப் போடுகிற குரல். விமானத்துக்கு அழைக்கிறார்கள் என்று வைத்துவிட்டான்.

13 பிப்ரவரி

செய்தி இல்லை.

16 பிப்ரவரி

நேரலை. இரண்டு செட்டும் பார்த்தேன். எல்லாப் புள்ளிக்கும் வலைவரை நடந்துபோனான். ஒன்றுவிடாமல்.

19 பிப்ரவரி

144.

20 பிப்ரவரி

பையன் திரும்பவும் எழுதினான். 26-ஆம் தேதி தொடங்கும் வாரத்துக்கு. என் பாதுகாக்கப்பட்ட எண்ணும் அவனுடைய எண்ணும் சேர்ந்தால் 16 ஜோடிகளுக்குள் வந்துவிடுகிறது. சரி என்றேன். எந்தப் பக்கம் ஆடுவீர்கள், சைகை எப்படி வைத்துக்கொள்வோம், எல்லாம் கேட்கிறான். கேள்விக்குப் பின் கேள்வி. எவ்வளவு ஆசை அந்த எழுத்தில்.

22 பிப்ரவரி

45 சர்வீஸ், முழு வேகம். பைகளைக் கட்டிவிட்டேன்.

23 பிப்ரவரி, வெள்ளி

பிசியோ 60 என்றார். 52-வது சர்வீஸில், மட்டை உச்சிக்குப் போன இடத்தில், அதே எரிச்சல். மெல்லியது. அடுத்த எட்டையும் போட்டிருக்க முடியும். பந்தைக் கூடையில் போட்டுவிட்டு அவரிடம் போய்ச் சொன்னேன், இங்கே வலிக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினேன். அவர் தொட்டுப் பார்த்து, கையை மூன்று திசையில் திருப்பிப் பார்த்து, இன்னும் இரண்டு வாரம் என்றார்.

பெயரை விலக்கிக்கொள்ள நண்பகல்வரை நேரம் இருக்கிறது. அதற்குள் பையன் வேறு ஜோடி தேட வேண்டும். அங்கே இப்போது விடிந்திருக்காது. எழுப்பித்தான் ஆக வேண்டும்.