உளவு பாட்டில்

ஏப்ரல் 5, 2025, சனி, பள்ளத்தூர்

சிங்கப்பூரிலிருந்து அக்கா மகன் வந்துபோனதிலிருந்து எனக்கு இந்தக் கிறுக்கு. அங்கே ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்சிக்கொள்ள லைசென்ஸ் வேண்டாமாம். இங்கே 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. கால் லிட்டர் என்றாலும் கேஸ்தான். ஆகவே அவனுக்குப் பீர், எனக்கு இஞ்சி சோடா. புளிக்கிற சங்கதி இரண்டுக்கும் ஒன்று, பாட்டில் தலைவலியும் ஒன்று.

தோல் சீவாத இஞ்சியைத் தட்டி, சர்க்கரையும் காய்ச்சி ஆறிய கிணற்றுத் தண்ணீரும் சேர்த்து ஊறுகாய் ஜாடியில் போட்டு, வாயில் துணி கட்டியாயிற்று. "தோலோடயா போடுறே?" என்று ஆத்தா முகம் சுளித்தார்கள். கழுவிவிட்டேன் ஆத்தா, புளிக்க வைக்கிற ஈஸ்ட் இருப்பதே அந்தத் தோலில்தான் என்றேன். நம்பவில்லை.

ஏப்ரல் 9, புதன்

ஜாடியில் காதை வைத்தால் சோறு கொதி அடங்கும்போது வருகிற சத்தம். தினம் ஒரு ஸ்பூன் இஞ்சி, ஒரு ஸ்பூன் சர்க்கரை. சரியாக வருகிறது. இனி பாட்டில்.

காரைக்குடியில் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். 650 மில்லி பழுப்பு பீர் பாட்டில் சாக்குச் சாக்காகக் கிடந்தது. மருமகனுக்குப் போன் போட்டேன். "அம்மான், தோள்பட்டையிலயும் அடியிலயும் வெள்ளையா தேய்ஞ்ச வளையம் இருக்கும் பாருங்க. அது அழுத்தமா இருக்கிறதைத் தொடாதீங்க." பாட்டில்கள் கம்பெனிக்குப் போய்த் திரும்பி, கன்வேயரில் ஒன்றோடொன்று உரசி உரசி விழுகிற வளையம் அது. கண்ணாடி உடைவது பெரும்பாலும் அந்த மாதிரிக் கீறலில் ஆரம்பித்துத்தான். நகத்தால் வாயைச் சுற்றித் தடவி, சில்லு பெயர்ந்ததையெல்லாம் தள்ளி, இருபதில் ஆறு தேறியது.

கடைக்காரர் சதுரமான விஸ்கி பாட்டில் ஒன்றை நீட்டினார். மூடி திருகு, பார்க்க லட்சணம். வேண்டாம் என்றேன். காஸ் இல்லாத சரக்குக்குச் செய்த கண்ணாடி அது, அழுத்தம் வந்தால் மூலையில் போய் முட்டும். "சோடாவுக்கு இம்புட்டு ஆராய்ச்சியா?" என்றார். முகத்தில் சந்தேகம் தெரிந்தது. பீர் பாட்டில் பொறுக்குகிறவன் சோடா என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள்.

ஏப்ரல் 10, வியாழன்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. பழைய சாமான் கடைக்குள் போனால் வந்த காரியம் மறந்துவிடும். மங்குச் சாமானுக்கு நடுவில் பீங்கான் இஞ்சி பீர் பாட்டில் ஒன்று, மேலே தேன் நிறம், கீழே வெள்ளை. கப்பலில் வந்ததோ, எந்த வீட்டுப் பெட்டகத்தில் கிடந்ததோ. விலை கேட்டுவிட்டு மெதுவாகக் கீழே வைத்தேன்.

பக்கத்துக் கடையில் கோலி சோடா பாட்டில். ஹிரம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் 1872இல் காப்புரிமை வாங்கிய கழுத்து அது. சின்ன வயதில் கட்டைவிரலால் அமுக்கிக் குடித்த ஞாபகத்தில் இரண்டு வாங்கப் போனேன். அப்புறம் யோசித்தேன். கோலி மேலே போய் ரப்பரில் உட்கார, பாட்டிலைக் கவிழ்த்து, ஒரே மூச்சில் காஸ் ஏற்ற வேண்டும். அதற்குத்தான் சோடாக் கடையில் அந்தச் சுற்றுகிற மிஷின். என் இஞ்சியோ கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊதும். கோலி அடியிலேயே கிடக்கும், காஸ் பக்கத்தில் நழுவிப் போய்விடும். வாங்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

இன்று இரண்டு பாடம், இரண்டும் சூட்டால் வந்தவை.

கழுவிக் கவிழ்த்திருந்த பழுப்பு பாட்டில் ஒன்றில், அவசரப்பட்டு அடுப்பிலிருந்து இறக்கிய இஞ்சிப் பாகைக் கொஞ்சம் ஊற்றினேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தூக்கினால் அடிப்பாகம் வட்டமாக, ரம்பத்தால் அறுத்த மாதிரி, மேடையிலேயே நின்றுவிட்டது. பாகு முழுக்க ஆத்தங்குடிக் கல்லில். எறும்பு வர ஐந்து நிமிஷம் ஆகவில்லை. கண்ணாடியைக் கொதிநீரில் போடலாம், ஆனால் தண்ணீரோடு சேர்த்தே சூடேற்ற வேண்டும்.

பிளாஸ்டிக்குக்கு அதுவும் கிடையாது. சோடா பாட்டிலை வெந்நீரில் அலசினேன். அப்பளம் மாதிரி சுருண்டு, தோள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. உள்ளே பிரஷ் போட்டுத் தேய்க்கவும் கூடாதாம், கீறலில் கிருமி குடியேறிவிடும். நாலைந்து தடவை பாவித்துவிட்டுத் தூக்கிப் போடு என்கிறான் மருமகன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நிரப்பியாயிற்று. கண்ணாடி ஐந்து, அவன் விட்டுப்போன அமுக்கியால் தகர மூடி அடித்தேன். பிளாஸ்டிக் இரண்டு: ஒன்று சோடா பாட்டில், ஒன்று தண்ணீர் பாட்டில்.

ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால், அந்த லிட்டருக்குள் இன்னொரு லிட்டர் அளவு காஸ் சேரும். பீர் என்றால் இருக்கிற சர்க்கரையெல்லாம் முதலிலேயே தீர்ந்துபோகும். பாட்டிலில் அடைக்கும்போது 6, 7 கிராம் அளந்து போட்டால், அதுவும் முடிந்ததும் ஈஸ்ட் தானாக அடங்கும். என் சோடாவில் லிட்டருக்கு 80 கிராம் அப்படியே இருக்கிறது. முழுவதும் புளித்தால் இருபது மடங்கு காஸ். எந்தக் கண்ணாடியும் தாங்காது. அதாவது அவன் பீரைவிட என் சோடாதான் ஆபத்து. சட்டம் இதைக் கவனிக்கவில்லை.

எழுந்து போய்ப் பாட்டில்களையெல்லாம் மரப்பெட்டிக்குள் வைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டுவிட்டுப் படுத்தேன்.

ஏப்ரல் 14, திங்கள், சித்திரை 1

காலையில் பால் பொங்குவதற்குள் பெட்டிக்குள் 'தொப்'. தண்ணீர் பாட்டில் சாய்ந்து கிடந்தது. அதன் அடி வெளியே பிதுங்கி உருண்டையாகிவிட்டது, நிறுத்தினால் நிற்கவில்லை. சோடா பாட்டிலின் அடியில் ஐந்து குமிழ் ஏன் வைக்கிறான் என்று இத்தனை வயதில் இன்றுதான் புரிந்தது. அது காலூன்றி நிமிர்ந்து நிற்கிறது.

அதை விரலால் அமுக்கிப் பார்த்தேன். காலை எட்டு மணிக்குப் பழுத்த தக்காளி. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு சைக்கிள் டியூப். மாலை ஆறுக்குக் கல். உடனே எல்லாவற்றையும் பிரிட்ஜில் ஏற்றினேன். கண்ணாடி ஐந்தும் காலையில் இருந்த மாதிரியேதான் இருந்தன, தொட்டுப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. மருமகன் பீருக்கும் இப்படித்தான் செய்கிறானாம்: எல்லாம் கண்ணாடி, ஒன்று மட்டும் பிளாஸ்டிக். அதற்கு அவன் வைத்த பெயர் உளவு பாட்டில்.

ருசி? முதல் மடக்கில் காரம் மூக்கில் ஏறியது. ஆத்தா வெள்ளி டம்ளரில் வாங்கிக் குடித்து, "சுக்கு போட்டிருக்கலாம்" என்றார்கள். இன்னொரு தடவையும் வாங்கிக்கொண்டார்கள்.

ஏப்ரல் 19, சனி

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை. வளவில் 38 டிகிரி. மூன்று மணிக்குப் பிரிட்ஜைத் திறந்து உளவாளியை அமுக்கினால் கல். நேற்று ராத்திரி மெத்தென்று இருந்தவன்!

சூட்டின் வேலை இது. சாதாரண பீர் அளவுக்குக் காஸ் உள்ள பாட்டில் 5 டிகிரியில் ஏறக்குறைய 11 பவுண்டு அழுத்தத்தில் இருக்கும். அதே பாட்டில், அதே காஸ், 35 டிகிரியில் 45 பவுண்டு. கார் டயருக்கே 32தான் அடிக்கிறோம். போதாததற்கு, குளிரில் உறங்கிய ஈஸ்ட்டும் எழுந்து மறுபடி தின்ன ஆரம்பிக்கும்.

மீதி மூன்று கண்ணாடியையும் ஈரத் துண்டு சுற்றி, மூக்குக் கண்ணாடி மாட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தேன். இரண்டு, பாதிக்குப் பாதி நுரையாக முற்றத்தில் போயிற்று. மூன்றாவதன் மூடி தாழ்வாரத்து ஓட்டில் பட்டு எங்கேயோ விழுந்தது. இன்னும் கிடைக்கவில்லை.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடக்கம். இன்று மூன்றாவது ஈடு, எல்லாமே சோடா பாட்டில். பிளாஸ்டிக் வழியாகக் காஸ் மெல்ல வெளியேறும், காற்று மெல்ல உள்ளே வரும் என்பது உண்மை. மாதக்கணக்கில் வைத்தால் பீர் நனைந்த அட்டை மாதிரி நாறும் என்று மருமகன் சொன்னான். என் சோடா ஒரு வாரம் தாண்டுவதில்லை. பழுப்புக் கண்ணாடியும் எனக்கு வீண்தான். வெயில் பட்டுக் கெடுவது பீரில் கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பூ, இஞ்சி இல்லை.

மார்கழியில் வேண்டுமானால் கண்ணாடிக்குத் திரும்பலாம். ஆறிய பாட்டில், அளந்த சர்க்கரை, பக்கத்தில் ஓர் உளவாளி. அதுவரை ஐந்து பாட்டிலும் இரண்டாம் கட்டில் கவிழ்ந்து கிடக்கட்டும் என்று வைத்திருந்தேன். இன்று பார்த்தால் நாலுதான். ஐந்தாவது முகப்பில் இருக்கிறது, ஆத்தா அதில் மணி பிளாண்ட் வைத்திருக்கிறார்கள்.