முறுக்கு டின்னுக்குள் ஒரு பாட்டு

அம்பாசமுத்திரத்தில் உள்ள எங்கள் வீட்டில் தகர டின்னில் முறுக்கு வைப்பது வழக்கம். அதில் பாட்டு வைத்தவன் நான் ஒருவன்தான். அதற்குக் காரணம், இங்கிலாந்தின் குயீன் குழுவினர் 1975 நவம்பரில் வெளியிட்ட 'எ நைட் அட் தி ஓபரா' என்னும் ராக் இசைத்தொகுப்பு.

ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும் அதன் இரண்டாவது பாட்டில், குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் குரல் பழைய ஒலிபெருக்கியிலிருந்து வருவதுபோல் கேட்கும். பாடிய குரலை ஹெட்ஃபோன் வழியாக ஒரு தகர வாளிக்குள் ஒலிக்கவிட்டு, அதை மறுபடியும் மைக்கில் பிடித்திருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆச்சி கண்ணயர்ந்த நேரம் பார்த்து, முறுக்கைச் செய்தித்தாளில் கொட்டிவிட்டு, ஹெட்ஃபோனை டின்னுக்குள் இறக்கி, தம்பியின் கைபேசியில் பதிவு செய்யத் தொடங்கினேன். இடி இடித்தாலும் எழாத ஆச்சி, அந்த மூடி திறக்கும் ஓசைக்கு மட்டும் எழுந்துவிடுவாள் என்பது எனக்கு மறந்துபோயிற்று.

"ஏல, டின்னுக்குள்ள யாரல அடைச்சு வச்சிருக்க?"

ஏச்சிலிருந்து தப்புவதற்காக ஆச்சியையே ரசிகையாக்கிவிடலாம் என்று மற்ற பாட்டுகளையும் போட்டேன். ஏழாவது பாட்டில் குழலும் ஊதுகொம்பும் போலக் கேட்பவை மெர்க்குரியும் அவர் குழுவின் ரோஜர் டெய்லரும் வாயால் எழுப்பிய ஒலிகள் என்றும், நடனக் காலடிபோல் கேட்பது விரல்களில் அங்குஸ்தான் என்னும் தையல் விரலுறையை மாட்டிக்கொண்டு தட்டியது என்றும் விளக்கினேன். "மேளக்காரனுக்குக் குடுக்கக் கூலி இல்ல போல" என்றாள். குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே ஒரு முழு ஜாஸ் குழுவையும் தம் கிதாரிலேயே வாசித்துக் காட்டியதற்கும், அந்தக் கிதாரைத் தந்தையோடு சேர்ந்து பழைய கணப்படுப்பின் மரத்தைக் கொண்டு செய்ததற்கும் மட்டும் "கெட்டிக்காரப் பய" என்று பாராட்டு கிடைத்தது.

கடைசியில், மெல்லிய பியானோப் பாட்டாகத் தொடங்கி, ஓபரா என்னும் மேலை இசை நாடகத்துக்குள் புகுந்து, ராக்காக வெடித்து அடங்கும் 'போஹீமியன் ராப்சடி' என்ற ஐந்து நிமிடம் ஐம்பத்தைந்து விநாடிப் பாட்டைப் போட்டுவிட்டு, வியப்புக்காகக் காத்திருந்தேன்.

"சொடலமாடன் கோயில் கொடையில வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நையாண்டி மேளம்னு எல்லாம் ஒரே ராத்திரியில வருதுல்லா? இதுல என்னல அதிசயம்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஓபராப் பகுதியில் கேட்கும் அத்தனை குரல்களும் மூன்றே பேர் மேலும் மேலும் பாடி அடுக்கியவை என்று சொன்னபோதுதான் ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மூணு பேருதானா? சம்பந்தி வீட்டுச் சண்டை மாதிரில்லா இருக்கு!"

இரவு என் பதிவைக் கேட்டுப் பார்த்தேன். மெர்க்குரியின் குரல் கொசுவின் ரீங்காரமாகத் தேய்ந்திருந்தது. ஆச்சியின் அதட்டல் மட்டும் தகரத்தில் மோதி, கூம்பு ஸ்பீக்கரில் வருவதுபோல் அப்பழுக்கின்றிப் பதிவாகியிருந்தது. அதற்குள் முறுக்கு நமத்துவிட்டது. டின் இப்போது பீரோவுக்குள் இருக்கிறது. சாவி ஆச்சியின் இடுப்பில்.