அரை கிரவுண்டில் ஒரு வீடு

சென்னையில் எங்களுக்கு வாய்த்தது அரை கிரவுண்டு மனை, அதாவது 1,200 சதுர அடி. விதிப்படி சுற்றிலும் இடம் விட்டபின் வீட்டுக்கென எஞ்சியது ஏறத்தாழ 600 சதுர அடிதான். பிற்பகல் வெயிலை வாங்கும் மேற்குச் சுவரையொட்டிப் படிக்கட்டையும் குளியலறையையும் வைத்து, படுக்கையறையை அந்தச் சூட்டிலிருந்து விலக்கினோம். அந்தப் பக்கம் பெரிய சன்னல் இல்லாததில் பெரியப்பாவுக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு.

சுவர்களுக்கு, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டுமுறையைத் தேர்ந்தோம். செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி அடுக்குவதால் நடுவில் உண்டாகும் காற்றுப்பொந்து வெப்பத்தைத் தடுப்பதோடு, செங்கல்லிலும் ஏறத்தாழக் கால்பங்கை மிச்சப்படுத்துகிறது. இந்த முறையில் பழக்கமில்லாத கொத்தனார், சுவர் வலுவாக நிற்கட்டும் என்ற நல்லெண்ணத்தில், முதல் நாளே பொந்துகளையெல்லாம் கலவையால் நிரப்பிவிட்டார்; மூன்று வரிசைகளைப் பிரித்துத் திரும்பக் கட்ட நேர்ந்தது. அதன்பின், பொந்தின்மேல் ஒரு பலகைத் துண்டை வைத்துக்கொண்டே கலவை போடப் பழகினார். மின்குழாய்களின் வழியை மட்டும் முன்கூட்டியே வரைந்துகொள்ள வேண்டும். பிறகு சுவரை வெட்டினால் கட்டு குலையும்.

600 சதுர அடி மொட்டைமாடியில், ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை என்று கொண்டால், விழும் நீர் சுமார் 78,000 லிட்டர். முதல் மழையின் தூசை வெளியேற்றத் தனிக்குழாய் வைத்து, பின்வரும் நீரைக் கூழாங்கல், கரி, மணல் வழியாக வடிகட்டித் தரையடித் தொட்டிக்கும், அது நிரம்பியபின் கிணற்றுக்கும் விட்டிருக்கிறோம். ஐப்பசி இரவுகளில், தொட்டி நிறைந்து கிணற்றில் நீர் விழும் ஓசை படுக்கையறை வரை கேட்கிறது.