ரூன் தீவில் ஜாதிக்காய்க் காலம்

அக்டோபர் 9

பண்டா தீவுகளின் முக்கிய ஊரான நெய்ராவிலிருந்து மரப்படகில் கிளம்பி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ரூன் வந்து சேர்ந்தோம். படகில் ஆட்களைவிடச் சாமான்தான் அதிகம். அரிசி மூட்டை, சிமெண்ட், முட்டை அட்டை, தண்ணீர் கேன்.

இந்தோனேசியாவின் மலுக்கு மாகாணத்தில், பண்டா கடலுக்கு நடுவே கிடக்கும் பண்டா என்ற சின்னத் தீவுக் கூட்டத்தில் மேற்குக் கோடியில் இருக்கிறது ரூன். நீளம் சுமார் 3 கிலோமீட்டர், அகலம் 1 கிலோமீட்டருக்கும் குறைவு. கரையிலிருந்து மேட்டுக்கு ஏறும் படிகளை ஒட்டி வீடுகள். அதற்கு மேலே முழுக்க மரம்தான்.

படகிலேயே ஒருவர் ஆரம்பித்துவிட்டார், நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்குப் பதிலாகக் கொடுத்த தீவு இது என்று. வெளியூர்க்காரர் யார் வந்தாலும் இந்தக் கதையைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். 1667-ல் பிரெடா ஒப்பந்தப்படி, ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் நடந்த போரில் யார் எதைப் பிடித்து வைத்திருந்தார்களோ அது அவரவருக்கே என்று முடிவானது. ரூன் டச்சுக்காரர்களிடம் இருந்தது, மன்ஹாட்டன் ஆங்கிலேயர்களிடம். எல்லாம் சரி, அந்தக் கதையால் இந்த ஊருக்கு ஒரு குடம் தண்ணீர்கூட வந்ததில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

அக்டோபர் 11

காலையில் நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மாவோடு தோட்டத்துக்குப் போனேன். வானளாவிய கெனாரி மரங்கள் மேலே குடை பிடிக்க, அவற்றின் அடியில்தான் ஜாதிக்காய் மரங்கள் நிற்கின்றன. நேர் வெயிலும் கடல்காற்றும் ஜாதிக்காய்க்கு ஆகாது. அதனால் நிழலுக்கு கெனாரி. அதன் பருப்பும் வீண் போவதில்லை, பலகாரத்தில் சேர்க்கிறார்கள்.

பறிக்கும் கருவிக்குப் பெயர் கை-கை. நம் துறட்டி மாதிரி நீண்ட மூங்கில் கழி. நுனியில் சிறு மூங்கில் கூடையும் அதில் இரண்டு பல்லும் இருக்கும். பழம் தானாக வெடித்து உள்ளே சிவப்பு தெரிந்தால்தான் அதைப் பல்லில் மாட்டி இழுப்பார்கள், பழம் கூடைக்குள் விழும். அந்தம்மா அண்ணாந்து பார்த்தபடியே மரம் மரமாகப் போகிறார். எனக்குக் கழுத்து வலித்துவிட்டது, அவருக்கு ஒன்றுமில்லை.

பழத்தைக் கையாலேயே பிளந்து காட்டினார். மஞ்சள் சதை, நடுவில் கருப்பு மினுங்கும் ஓடு, அதன்மேல் ஈரமான ரத்தச் சிவப்பில் வலைபோல் ஜாதிபத்திரி. கிழியாமல் ஒரே இதழாக உரித்தெடுத்தார். முழு இதழுக்குத்தான் மதிப்பு. ஜாதிபத்திரி எடையில் கொஞ்சம்தான் தேறும், ஆனால் கிலோவுக்குக் கொட்டையைவிட நல்ல விலை.

புதுக் கன்று வைத்தால் காய்க்க ஏழெட்டு வருடம் ஆகிவிடும். அதுவும் ஆண் மரமா பெண் மரமா என்பது பூத்த பிறகுதான் தெரியும். பெண் மரம்தான் காய்க்கும். இவ்வளவு பொறுமை கேட்கும் பயிரை நம்பி ஓர் இளைஞனை ஊரிலேயே இரு என்று எப்படிச் சொல்வது?

அக்டோபர் 12

மழை இல்லை. இந்தத் தீவில் ஊற்றோ ஆறோ கிடையாது, கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்துத்தான் பிழைப்பு. வீட்டுத் தொட்டியில் அடிமட்டம்தான் இருக்கிறது. குளிக்க எனக்கு ஒரு வாளி எடுத்து வைத்திருந்தார்கள். பாதியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அக்டோபர் 15

ஜாதிபத்திரி வெயிலில் சில நாளில் காய்ந்துவிடும். கொட்டை அப்படியல்ல. ஓட்டோடு தட்டில் பரப்பி, அடியில் மெல்லிய தீ மூட்டி, வாரக்கணக்கில் புகையில் உலர்த்த வேண்டும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க வீட்டுக்காரம்மா இரண்டு கொட்டையைக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே பருப்பு லொடலொடவென்று ஆடியது. ஆனது என்று தலையசைத்தார்.

புகைப்பதற்கு விறகும் நேரமும் வேண்டும். கையில் காசு இல்லாத வீட்டில் அரைகுறையாகக் காயவைத்து விற்றுவிடுகிறார்கள். அங்கேதான் அடி விழுகிறது. ஈரம் இருந்தால் பூஞ்சை, பூஞ்சை வந்தால் அஃப்ளாடாக்சின் நஞ்சு. இந்தோனேசிய ஜாதிக்காயை ஐரோப்பிய ஒன்றியம் இதற்காகவே கூடுதல் சோதனைக்கு உட்படுத்துகிறது. சரக்கு திரும்பினால் இழப்பு ஏற்றுமதியாளரோடு நிற்காது, விலைக்குறைப்பாக இறங்கி இந்தப் படிக்கட்டு வரைக்கும் வரும். பொதுவில் நல்ல உலர்த்துக் கொட்டகை ஒன்று இருந்தால், அவசரத்துக்கு ஈரக்காயை விற்க வேண்டிய நிலை பாதி குறையும். இந்த ஊரின் எதிர்காலம் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் பேச வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் ஊரில் ஜாதிக்காயை என்ன செய்வீர்கள் என்று வீட்டுக்காரம்மா கேட்டார். பச்சைக் குழந்தைக்கு உரைகல்லில் உரைத்து, தாய்ப்பாலில் துளி கலந்து நாக்கில் தடவுவார்கள் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். இந்த வீட்டில் கொட்டை விற்பனைக்கு மட்டும்தான். சாப்பிடுவது சதையை, சர்க்கரையில் ஊறவைத்து.

அக்டோபர் 18

ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், உங்கள் முன்னோர் எப்போதிலிருந்து இங்கே என்று கேட்டேன். சுலவேசிக்குப் பக்கத்துத் தீவான பூட்டோனிலிருந்து வந்த குடும்பம் என்றார். இந்தத் தீவுகளில் இப்படித்தான், ஏறக்குறைய எல்லோருமே எங்கிருந்தோ கொண்டுவரப்பட்டவர்களின் அல்லது பிழைக்க வந்தவர்களின் வழியினர். 1621-ல் யான் பீட்டர்ஸோன் கூன் தலைமையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி படையெடுத்தபோது பண்டாவில் சுமார் 15,000 பேர் இருந்ததாகக் கணிப்பு. கொலை, பட்டினி, நாடுகடத்தல் என்று போனபிறகு மிஞ்சியது ஆயிரம் பேர்தான். தோட்டங்களைத் துண்டு போட்டு, அடிமைகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். ரூனில் இருந்த ஜாதிக்காய் மரங்களை, ஆங்கிலேயருக்குப் பயன்படக் கூடாது என்று வெட்டியே தள்ளினார்கள். தப்பிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் கெய் தீவுகளில் இன்னும் பண்டா மொழி பேசுகிறார்கள்.

மரம் திரும்ப வந்தது, ஆளும் வந்தார்கள். விலை சொல்லும் உரிமை மட்டும் இன்னும் இந்தக் கரைக்கு வந்து சேரவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

அக்டோபர் 20

விடியும் முன்பே வீட்டுக்காரர் கடலுக்குப் போய், மதியம் பெரிய சூரையோடு திரும்பினார். ஓங்கில் (டால்பின்) கூட்டம் எங்கே துள்ளுகிறதோ அதற்கு அடியில் சூரை ஓடும். அதைத் துரத்திப் போய்க் கைத்தூண்டில் போடுகிறார்கள். வலை கிடையாது. மலுக்கு மாகாணத்தின் இந்தக் கைத்தூண்டில் சூரைக்கு 2014-ல் நியாய வணிகச் (ஃபேர் டிரேட்) சான்றிதழே கிடைத்திருக்கிறது, கடலில் பிடிக்கும் மீனுக்கு உலகிலேயே முதல் முறையாக.

ஆனால் ரூனில் பிரச்சினை மீனில் இல்லை, ஐஸில். நெய்ராவிலிருந்து வாங்கி வந்த ஐஸ் போதவில்லை. மேல்தரம் என்று விற்றிருக்க வேண்டிய மீன், வெயிலில் நின்றதில் தரம் இறங்கியது. கணக்குப் பார்த்துவிட்டு, இன்றைக்குப் படகு எண்ணெய்க் காசுக்கே சரியாகப் போயிற்று என்றார்.

அக்டோபர் 23

வீட்டுக்காரம்மாவின் மூத்த மகன் மாகாணத் தலைநகர் அம்போனில் பட்டிமுரா பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போய் அவனோடு பேசினோம். படிப்பை விட்டுவிட்டு வந்து விருந்தினர் வீடு கட்டுகிறேன் என்கிறான். பவளப்பாறை பார்க்க முக்குளிக்க வருகிறவர்கள் நெய்ராவிலும் ஹத்தா தீவிலும் தங்குகிறார்கள், இங்கே ஏன் தங்க மாட்டார்கள் என்று வாதாடினான்.

கேட்பது நியாயம்தான். ஆனாலும் எனக்குத் தயக்கம். கிழக்குக் காற்றுக் காலத்திலும் மேற்குக் காற்றுக் காலத்திலும் கடல் கொந்தளித்தால் வாரக்கணக்கில் படகே வராது. வருகிற விருந்தினர் ஆளுக்கு மூன்று வாளி தண்ணீர் கேட்பார், தொட்டியில் இருப்பது வீட்டுக்கே போதவில்லை. முதலில் தொட்டி, அப்புறம் கட்டில் என்று சொன்னேன். அந்தப் பக்கம் பதில் இல்லை.

அம்மா போனை வாங்கினார். படிப்பை முடித்துவிட்டு வா, அதுவரை கை-கை என் கையிலேயே இருக்கட்டும் என்றார். உலர்த்துக் கொட்டகை போட எவ்வளவு பலகை வேண்டும், எவ்வளவு தகரம் வேண்டும், அம்போனில் என்ன விலை என்று விசாரித்து வை என்றும் சொன்னார். அவன் மறுபடி விருந்தினர் வீட்டைப் பற்றி ஆரம்பித்தான். தகரத்தின் விலையை முதலில் கேள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.